கண்டது வேறு, சான்று வேறு, நிரூபணம் வேறு
வான நூல் மேதை அல்பீரூனியின் வாழ்க்கை

கணக்குப் பார்த்துப் பழகிய நம் வணிகப் பெருமக்களுக்கு ஒரு விஷயத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கல்லாப் பெட்டியில் பணம் கூடுதலாக இருப்பதைக் காண்பது ஒன்று. அந்தப் பணம் இன்னாரிடமிருந்து வந்தது என்று பேரேட்டில் பதிவு இருப்பது இன்னொன்று. நம் பேரேடும் கொடுத்தவரின் பேரேடும் ரசீதும் ஒத்துப்போய், அப்பணம் வேறு எவ்வழியாலும் வந்திருக்க முடியாது என்று தீர்ந்து போவது மூன்றாவது. முதலாவது காட்சி. இரண்டாவது சான்று. மூன்றாவதே நிரூபணம். இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்ட கடை நெடுநாள் நடந்ததில்லை.

வான நூலுக்கும் இதே விதிதான். சூரியன் கிழக்கே எழுந்து மேற்கே சாய்வதை எல்லாரும் காண்கிறோம். சூரியன்தான் சுற்றுகிறது என்பதற்கு அது நிரூபணம் ஆகிவிடுமா? பூமி சுழன்றாலும் நம் கண்ணுக்கு அதே காட்சிதானே கிடைக்கும்? இக்கேள்வியின் கனத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, தாம் கண்டது எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை அளந்து அளந்து எழுதிச் சென்ற பேரறிஞர் ஒருவர் உண்டு. அவரே அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பீரூனி. அன்னாரின் வாழ்க்கையை இவ்விதழில் நம் வாசகர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பிறப்பும் இளமையும்

கி.பி. 973-ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 362-இல், குவாரஸ்ம் நாட்டின் தலைநகராகிய காத் நகரின் புறத்தே அல்பீரூனி பிறந்தார். ஆரல் கடலுக்குத் தெற்கே, ஆமூ நதி பாயும் நாடு அது. இன்று உஸ்பெகிஸ்தானில் அவர் பெயரையே தாங்கி நிற்கும் ஊர் அப்பகுதியில்தான் இருக்கிறது. நகருக்கு வெளியே உள்ள பகுதியைப் பாரசீக மொழியில் பீரூன் என்பார்கள். அதனால் பீரூனி என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

அரச குடும்பத்தவரும் கணித மேதையுமாகிய அபூ நஸ்ர் மன்ஸூர் என்பவரிடம் அவர் கல்வி கற்றார். பதினேழு வயதிலேயே, நண்பகற் சூரியனின் உயரத்தை அளந்து, தம் ஊர் பூமியின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை வடக்கே இருக்கிறது என்று கணக்கிட்டார். பாகை என்பது நாம் டிகிரி என்று சொல்வதுதான். பாகையில் அறுபதில் ஒன்று கலை. கலையில் அறுபதில் ஒன்று விகலை. இவ்வளவையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

995-இல் குவாரஸ்மில் உள்நாட்டுப் போர் மூண்டது. அவரை ஆதரித்த அரச குடும்பம் வீழ்ந்தது. இருபத்திரண்டு வயது இளைஞர் கையில் பொருளின்றி ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. அப்படிப் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று, இன்றைய தெஹ்ரானை ஒட்டியிருந்த ரய் நகரம். அங்கேதான் அவர் தம் வாழ்நாள் முழுவதற்கும் பயன்பட்ட பாடம் ஒன்றைக் கற்றார்.

சாய்ந்துபோன தராசு

ரய் நகரில் அல்குஜந்தி என்ற வான நூலார் இருந்தார். அவர் மலைமீது மிகப் பெரிய கருவி ஒன்றைக் கட்டியிருந்தார். மேற்கூரையில் உள்ள சிறு துவாரத்தின் வழியே சூரிய ஒளி புகுந்து, நாற்பது முழ ஆரமுள்ள வளைவின்மேல் விழும். அவ்வளைவில் ஒவ்வொரு பாகையையும் 360 கூறுகளாக்கிக் கோடிட்டிருந்தார். அதாவது பத்து விகலை வரை அதில் படிக்கலாம். அந்நாளில் அதற்கு நிகரான அளவுகோல் கிடையாது.

994-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலும் டிசம்பர் மாதத்திலும் சூரியனின் உச்ச உயரத்தையும் தாழ்ந்த உயரத்தையும் அவர் அளந்தார். இவ்விரண்டின் வித்தியாசத்தில் பாதியே, சூரியனின் பாதை வானத்து நடுக்கோட்டுக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைக் காட்டும். அவருக்குக் கிடைத்தது 23 பாகை 32 கலைக்குச் சற்று அதிகம். பண்டைய இந்தியர்கள் 24 பாகை என்றார்கள். கிரேக்க அறிஞர் தாலமி 23 பாகை 51 கலை என்றார். கலீபா மஃமூன் காலத்தாருக்குப் பின் வந்தோர் ஏறத்தாழ 23 பாகை 35 கலை என்றார்கள். வரவர எண் குறைந்துகொண்டே வருவதைக் கண்ட அல்குஜந்தி, சாய்வே காலப்போக்கில் குறைகிறது என்று முடிவு கட்டினார்.

அல்பீரூனி அதை அப்படியே ஏற்கவில்லை. கருவியைப் பற்றி விசாரித்தார். கோடை அளவைக்கும் மாரி அளவைக்கும் இடையே, துவாரம் இருந்த பகுதி ஏறத்தாழ ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது என்பதை அல்குஜந்தியின் வாயிலாகவே அறிந்தார். முள் எவ்வளவு நுண்ணியதாக இருந்தால் என்ன, தராசே சாய்ந்திருந்தால் எடை சரியாகுமா? பத்து விகலை வரை படிக்கவல்ல அந்தக் கருவி, உண்மையில் ஏறத்தாழ இரண்டு கலை, அதாவது 120 விகலை அளவுக்குப் பிழைபட்டிருந்தது. ஆகவே குறைவு என்று தோன்றியது வானத்தில் நிகழ்ந்ததா, கட்டடத்தில் நிகழ்ந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. சாய்வு மாறுவதில்லை, வேறுபாடு கருவிகளில்தான் என்ற பக்கமே அல்பீரூனி நின்றார்.

இங்கேதான் வாசகர்கள் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். இன்றைய வான நூல் என்ன சொல்கிறது? அந்தச் சாய்வு மெய்யாகவே குறைந்து வருகிறது. நூறாண்டுக்கு ஏறத்தாழ 47 விகலை வீதம் குறைகிறது. அப்படியானால் அல்குஜந்தி சொன்னது சரி, அல்பீரூனி கொண்டது தவறு என்றாகிறது. ஆனால் அல்குஜந்தி காட்டிய சான்று அவர் சொன்ன முடிவைத் தாங்கவில்லை. தாலமி தந்த எண்ணும் அக்காலத்து உண்மையான அளவைவிடப் பத்துக் கலை அதிகம். பழைய எண் மிகை, புதிய எண் குறை. இரண்டு பிழைகளும் சேர்ந்து ஓர் உண்மையின் சாயலைக் காட்டின. தற்செயலாகச் சரியாக அமைந்த கூட்டலை எந்தக் கணக்கப்பிள்ளையும் ஐந்தொகையாக ஏற்கமாட்டார். ஒரு செய்தி உண்மையாக இருக்கலாம், ஆயினும் நிரூபிக்கப்படாததாக இருக்கலாம். அவ்விரண்டையும் வேறாக வைத்துப் பார்க்கத் துணிந்ததே அல்பீரூனியின் பெருமை. நல்ல சான்று வந்தபோது உலகம் அந்த முடிவை ஏற்றுக்கொண்டது.

இரண்டு ஊர், ஒரே கிரகணம்

ஒருவர் தனியே கண்டது எளிதில் சான்றாகாது என்பதை உணர்ந்த அவர், இரண்டாவது சாட்சியைத் தேடினார். 997-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் சந்திர கிரகணம் ஒன்று நிகழ இருந்தது. பாக்தாதில் இருந்த பெருங் கணித மேதை அபுல் வஃபாவும் காத் நகரில் இருந்த அல்பீரூனியும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு, அவரவர் ஊரில் அதைக் கவனித்து நேரம் குறித்தார்கள்.

சந்திரன்மீது பூமியின் நிழல் விழுவது ஒரே கணத்தில் நிகழ்வது. அது யாருக்கும் முந்தியோ பிந்தியோ நிகழாது. ஆனால் அக்கணத்தில் பாக்தாதில் ஒரு நேரம், காத்தில் வேறு நேரம். இரு குறிப்புகளையும் ஒப்பிட்டபோது வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி என்று தெரிந்தது. ஒரு மணிக்குப் பதினைந்து பாகை. ஆகவே இவ்விரு ஊர்களும் கிழக்கு மேற்காக எவ்வளவு விலகியுள்ளன என்பது ஒட்டகத்தின் நடையையும் வழிப்போக்கர் சொல்லையும் நம்பாமலே கிடைத்துவிட்டது. இன்றைய கணக்குப்படி அந்த இடைவெளி பதினாறு பாகைக்குச் சற்று அதிகம். தந்தியும் தொலைபேசியும் இல்லாத காலத்தில், கடிதம் ஒன்றையே நம்பி இரு அறிஞர்கள் நடத்திய கூட்டு முயற்சி இது.

பின்னர் குர்கான் நாட்டு மன்னர் காபூஸின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில், பல்வேறு சமூகத்தாரின் ஆண்டுக் கணக்குகளையும் பண்டிகைகளையும் ஒப்பிட்டு ஆராயும் நூலை அங்கே எழுதினார். புகழ்பெற்ற மருத்துவ மேதை இப்னு ஸீனாவுடன் கடிதவழி வாதம் நடத்தியதும் இளமையிலேதான். பதினெட்டுக் கேள்விகளை அவர் எழுப்பினார். அவற்றுள் பத்து, அரிஸ்டாட்டில் வானத்தைப் பற்றி எழுதிய நூலைக் குறித்தவை. பெரியவர் சொன்னார் என்ற ஒன்றையே சான்றாகக் கொள்ள அவர் இசையவில்லை.

கஜினி அரசவையில்

குவாரஸ்முக்குத் திரும்பி அரசவையில் சில ஆண்டுகள் அமைதியாக ஆராய்ச்சி செய்துவந்த வேளையில், 1017-இல் கஜினி சுல்தான் மஹ்மூது அந்நாட்டை வென்றார். அல்பீரூனியையும் அவருடைய ஆசான் அபூ நஸ்ரையும் மற்ற அறிஞர்களோடு கஜினிக்குக் கொண்டு சென்றார். தம் விருப்பத்தால் அல்பீரூனி அங்கே போகவில்லை. ஆயினும் எந்த நிலையிலும் வேலையை நிறுத்தவில்லை.

1018 அக்டோபரில் காபூலை அடுத்த ஒரு சிற்றூரில் இருந்தபோது சூரியனை அளக்க அவரிடம் கருவி எதுவும் இல்லை. கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் வட்டத்தின் கால் பகுதியை வரைந்து, பாகைகளைக் குறித்து, நூல்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு அளந்தார். அடுத்த ஆண்டு 1019-இல் ஏப்ரலில் லம்கான் பகுதியில் சூரிய கிரகணத்தையும், செப்டம்பரில் கஜினியில் சந்திர கிரகணத்தையும் கவனித்து எழுதினார்.

சுல்தானின் அவையில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தொலைதூர நாட்டிலிருந்து வந்த தூதர் ஒருவர், கடலுக்கு அப்பால் ஒரு பகுதியில் சூரியன் மறையாமலே சுற்றிவருவதைத் தாம் கண்டதாகக் கூறினார். இரவே இல்லாத நாடு உண்டு என்றால் அது மார்க்க விரோதமான பேச்சு என்று சுல்தான் சினந்தாராம். தூதர் தம் கருத்தைச் சொல்லவில்லை, கண்டதைத்தான் சொல்கிறார் என்று அவையிலிருந்த ஒருவர் எடுத்துக் கூறினார். அப்போது அல்பீரூனி முன்வந்து, பூமி உருண்டை, சூரியனின் பாதை சாய்வானது என்ற இரண்டிலிருந்தும் துருவத்தை ஒட்டிய நாடுகளில் அப்படித்தான் நிகழ்ந்தாக வேண்டும் என்று விளக்கினார். சுல்தானின் சினம் தணிந்தது. தூதருடையது காட்சி மட்டுமே. கணிதம் தனி வழியில் வந்து அதோடு கைகோத்தபோதுதான் அது நிலைபெற்றது. சினங்கொண்ட அரசர் முன் அதைச் சொல்ல நெஞ்சுரமும் வேண்டும்.

கிப்லாவும் பூமியின் அளவும்

1025-இல் ஊர்களின் இருப்பிடத்தை நிர்ணயிக்கும் முறைகளை விளக்கும் நூலை முடித்தார். கஜினியிலிருந்து தொழுவோர் எத்திசை நோக்கி நிற்க வேண்டும் என்பதைத் திட்டமாக அறிவது அந்நூலின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. ஒரே வழியில் கணக்கிட்டு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் கணக்கிட்டு, விடைகள் ஒத்து வருகின்றனவா என்று பார்த்தார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்கும் அத்தகைய சோதனை ஒன்று எளிதில் வாய்க்கிறது. ஆண்டுதோறும் மே 28-ஆம் நாளை ஒட்டி நம் மாலை ஐந்தேகால் மணியளவில் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கும். அவ்வேளையில் செங்குத்தாக நட்ட கோலின் நிழலுக்கு எதிர்த்திசையே கிப்லா. வரைபடமும் திசைகாட்டியும் சொல்வதை இந்த நிழல் தனியாக நின்று ஊர்ஜிதம் செய்கிறது.

அவருடைய செயல்களில் மிகவும் புகழ்பெற்றது பூமியை அளந்தது. கலீபா மஃமூன் காலத்தில் அறிஞர் குழுவினர் பாலைவனத்தில் வடக்கும் தெற்குமாக நடந்து அளந்து, பூமியின் சுற்றளவில் ஒரு பாகைக்கு 56 மைலும் மூன்றில் இரண்டு பங்கும் என்று கண்டிருந்தார்கள். அது அரபு மைல். ஒரு மைலுக்கு நாலாயிரம் முழம். அல்பீரூனி நடக்காமல் அளக்கும் வழியைக் கையாண்டார்.

இன்றைய பாகிஸ்தானில் பஞ்சாபின் உப்பு மலைத் தொடரில் நந்தனா என்னும் கோட்டை உண்டு. அதை ஒட்டிய மலையின் உயரத்தை முதலில் அளந்தார். 652 முழத்துக்குச் சற்று அதிகம். பிறகு உச்சியில் நின்று, எதிரே பரந்து கிடக்கும் சமவெளியில் வானும் நிலமும் தொடும் கோடு தம் கண்மட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார், 34 கலை. இவ்விரு எண்களிலிருந்து பூமியின் ஆரம் ஏறத்தாழ ஒரு கோடியே 28 லட்சம் முழம் என்று கணக்கிட்டார். அதன்படி ஒரு பாகைக்கு ஏறத்தாழ 56 மைல். முன்னோர் கண்ட அளவுக்கு அருகில் அது வந்து நின்றது.

வேறொருவராயின் தம் அளவே சிறந்தது என்று பறைசாற்றியிருப்பார். முன்னோரின் அளவை அதிக நுட்பத்தோடும் கவனத்தோடும் செய்யப்பட்டது என்று மதித்து, அதையே அல்பீரூனி கணக்குக்கு எடுத்துக்கொண்டார். தம்முடையதை அதற்கு ஆதரவான தனிச் சான்றாக வைத்தார். அந்த அடக்கம் பொருத்தமானது என்பதை இன்று நாம் இன்னும் தெளிவாக அறிவோம். காற்றினூடே வரும் ஒளி வளைவதால் தொடுவானம் இருக்க வேண்டிய இடத்தைவிடச் சற்று உயர்ந்து தெரியும். அவ்வளைவு ஒன்றே இந்த முறையில் பூமியின் அளவைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றிவிட வல்லது.

இரு வழக்கும் ஒரே சாட்சியும்

கஜினியில் வாழ்ந்த காலத்தில் அவர் சமஸ்கிருதம் கற்று, இந்திய அறிஞர்களோடு பழகி, 1030-ஐ ஒட்டி இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை எழுதினார். ஆரியபட்டர் என்ற இந்திய வான நூலார் பூமியே சுழல்கிறது என்று கூறியதையும், பிரம்மகுப்தர் முதலானோர் அதை மறுத்ததையும் அதில் ஆராய்ந்தார். பூமி சுழல்கிறது என்ற எண்ணத்தின் மேல் அல்ஸிஜ்ஸி என்பவர் செய்த வான்கருவி ஒன்றையும் அவர் அறிந்திருந்தார்.

அவர் கண்ட முடிவு என்ன? பூமி சுழன்றாலும் வானம் சுழன்றாலும் வான நூற் கணக்கில் ஒன்றும் குறையாது. காண்பன எல்லாம் இரு வகையிலும் ஒரே மாதிரியே விளக்கப்படும். ஆகவே விண்மீன்களைப் பார்த்து மட்டும் இதைத் தீர்க்க இயலாது என்பதை அவர் உணர்ந்தார். வழக்கில் இரு தரப்பாரும் ஒரே சாட்சியைக் கொண்டுவந்தால் நீதிபதி எப்படித் தீர்ப்புக் கூறுவார்? தம் பெருநூலான அல்கானூன் அல்மஸ்ஊதியில் பூமி நிலையாக நிற்பதாகக் கொண்டே அவர் கணக்கிட்டார். அதுவே அக்காலத்து வழக்கு.

இந்த வழக்கில் தீர்ப்பு வர இன்னும் எட்டு நூற்றாண்டுகள் ஆயின. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கான முதல் நேரடிச் சான்றை, விண்மீன்களின் ஒளி ஆண்டுதோறும் சற்றே விலகித் தெரிவதிலிருந்து பிராட்லி என்ற ஆங்கிலேயர் 1728-இல் கண்டார். 1838-இல் பெஸ்ஸல் என்ற ஜெர்மானியர் ஒரு விண்மீனின் இடமாற்றத்தை அளந்து அதை உறுதி செய்தார். 1851-இல் பாரிஸ் நகரில் ஃபூக்கோ என்பவர் நீண்ட கம்பியில் பெருங்குண்டைத் தொங்கவிட்டு ஆடவிட்டபோது, அது ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்பியது. பூமி நிலையாக நின்றால் அப்படித் திரும்ப வழியில்லை. பூமியின் சுழற்சிக்கு எல்லாரும் கண்ணாரக் காணத்தக்க சான்று அன்று கிடைத்தது. இரு தரப்புக்கும் பொதுவாகாத சாட்சியே நிரூபணத்துக்கு வேண்டும் என்பதை இது தெளிவாக்குகிறது.

இரத்தினமும் தண்ணீரும்

வானத்தில் கையாண்ட அதே முறையை அவர் கடைவீதிக்கும் கொண்டுவந்தார். முதுமையில் எழுதிய இரத்தினங்களைப் பற்றிய நூல் நம் வணிகர்களின் நெஞ்சுக்கு நெருக்கமானது. ஒரு சிவப்புக் கல்லைக் கண்ணால் பார்த்து மாணிக்கம் என்று சொல்லிவிடலாம். பதக்ஷான் நாட்டுச் சிவப்புக் கல்லும் அப்படியேதான் மின்னும். அல்பீரூனி கற்களையும் உலோகங்களையும் நீர் நிரம்பிய ஒரு பாத்திரத்தில் இட்டு, வழிந்த நீரை நிறுத்துப் பார்த்தார். ஒரே பருமனுள்ள கற்களில் எது எவ்வளவு கனம் என்பதை, நீலக்கல்லை 100 என்று வைத்து வரிசைப்படுத்தினார். நிறத்தால் ஏமாற்றும் கல் எடையால் ஏமாற்ற முடியாது.

அல்கானூன் நூலை அவர் மஹ்மூதின் மகன் சுல்தான் மஸ்ஊதுக்குக் காணிக்கையாக்கினார். அதற்குப் பரிசாகச் சுல்தான் ஒரு யானைச் சுமை வெள்ளி அனுப்பியதாகவும், தமக்கு அது தேவையில்லை என்று அவர் திருப்பி அனுப்பியதாகவும் கூறுவர். 1036-ஐ ஒட்டித் தாம் எழுதிய நூல்களைத் தாமே பட்டியலிட்டபோது எண்ணிக்கை நூற்றைக் கடந்திருந்தது.

1048-இலோ அதற்குச் சற்றுப் பின்னரோ கஜினியில் அவர் காலமானார். மரணப் படுக்கையில் இருந்த அவரைக் காணச் சென்ற சட்ட அறிஞர் ஒருவரிடம், முன்பொருமுறை பேசிய பாகப்பிரிவினைக் கணக்கு ஒன்றைப் பற்றி அவர் கேட்டாராம். இந்த நிலையிலா என்று அவர் வியந்தபோது, அறியாமல் இறப்பதைவிட அறிந்து இறப்பது நன்று என்ற கருத்தில் பதில் சொல்லி, விளக்கத்தைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாராம். வந்தவர் தெருவைக் கடப்பதற்குள் வீட்டில் அழுகுரல் எழுந்ததாகச் சொல்வார்கள்.

அல்பீரூனி சொன்னவற்றில் சில பின்னாளில் தவறென்று தெரிந்தன. அதனால் அவர் புகழுக்கு ஒரு குறைவும் வரவில்லை. எதைக் கண்டார், எந்தக் கருவியால் கண்டார், அதில் எவ்வளவு பிழை இருக்கலாம், வேறு விளக்கம் உண்டா என்பதை எழுதி வைத்தபடியால், பின்வந்தோர் அவர் கணக்கைத் திறந்து பார்த்துத் திருத்த முடிந்தது. செய்தியும் வதந்தியும் நொடியில் கைக்கு வந்துவிடும் இந்நாளில், கண்டது எது, சான்று எது, நிரூபணம் எது என்று பிரித்துக் கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்போம். கடைக்கும் அது உதவும், கல்விக்கும் அது உதவும்.